சபை கட்டிய முதல் வீடு

மலைச்சரிவுக் குடியிருப்பு மீளமைப்பு அதிகார சபை தலவாக்கலையில் கிளை திறந்து பல வருடங்களாகியும் ஒரு வீடுகூடக் கட்டியிருக்கவில்லை. அதற்காகச் சபையில் யாரும் வெட்கப்பட்டதாகவும் தெரியவில்லை. வீடு கட்டுவதற்கு முன் மலையைப் படமாக வரைய வேண்டும். படம் வரைவதற்கு முன் எந்த முறையில் வரைவது என்று தீர்மானிக்க வேண்டும். தீர்மானிப்பதற்குக் கூட்டம் கூட வேண்டும். கூட்டங்கள் ஒழுங்காக நடந்துகொண்டுதான் இருந்தன. பஸ் நிலையத்துக்கு எதிரே, புடவைக் கடை மாடியில் இருந்த அந்தக் கந்தோருக்கு எந்த நாளும் ஏதாவது ஒரு கூட்டத்துக்காக மீன் வைத்த மாலு பணிஸ் வந்து இறங்கும்.

சோலைமலை அங்கே படவரைஞராக இருந்தான். வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மேற்பிரிவின் வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவன். அந்த லயத்திலிருந்து கந்தோரில் நாற்காலி பிடித்த முதல் ஆள் என்பதால் ஊரில் அவனுக்கு நல்ல மரியாதை. அவன் கந்தோரில் என்ன செய்கிறான் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. சில மாதங்களில் அது அவனுக்கே தெரியாது.

அந்த வருடம் ஐப்பசி மழையில் மேற்பிரிவு லயத்துக்குப் பின்னால் தரை பிளந்தது. முதலில் யாரோ குச்சியால் கீறிவிட்டதுபோல் இருந்தது. பிறகு கோழிக்குஞ்சு ஒன்று உள்ளே விழுந்து, கத்தும் சத்தம் மட்டும் கேட்டது. சோலைமலையின் அக்கா பேச்சியம்மா அந்த லயத்தில்தான் கடைசி அறையான காம்பராவில் இருந்தாள். அவளும் மற்றக் குடும்பத்தாரும் தோட்டத்துத் துரையிடம் போனார்கள். துரை இரக்கமுள்ளவர்தான். கோயிலடியில் சும்மா கிடக்கிற மட்ட நிலத்தைத் தரலாம், ஆனால் அந்த இடம் சரியாத இடம் என்று சபை படம் போட்டு உறுதி சொன்னால்தான் தோட்டக் கம்பனி விடும் என்றார்.

பேச்சியம்மா அன்றே பஸ் ஏறித் தலவாக்கலைக்கு வந்துவிட்டாள். கந்தோர்ப் படியில் நின்றபடியே தம்பியிடம் விஷயத்தைச் சொன்னாள்.

“செவுத்துல கைய வச்சா செவுரு மூச்சு விடுறாப்ல இருக்குடா தம்பி. ஒன் ஆபீசுலதான படம் வரையிறீங்க? ஒண்ண வரஞ்சி குடுத்துட்டா நாங்க பாட்டுக்கு எறங்கிப் போயிருவோம்.”

சோலைமலை பணிப்பாளர் நடராசாவின் அறைக்குப் போனான். நடராசா யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல மனிதர், ஒருவருக்கும் தீங்கு நினைக்காதவர். ஒருவருக்கும் எதுவும் செய்துவிடாமலும் அதே கவனத்தோடு இருந்து வந்தார். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. நல்ல நேரத்தில் வந்திருக்கிறாய் என்றார். கையால் படம் வரைவதைச் சபை சென்ற வாரத்தோடு நிறுத்திவிட்டதாம்.

“கையால கீறின படத்தை இனி ஏற்கேலாது சோலைமலை. கை நடுங்கும், மெசின் நடுங்காது. கொழும்பில இருந்து ஒரு லெப்டொப் வருது. சும்மா கடிதம் அடிக்கிற சாமான் இல்லை அது. மலையையே தூக்கி உள்ளுக்க வைக்கும்.”

சோலைமலைக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இயந்திரத்தில் மலை ஏற்றும் பயிற்சிக்குக் கண்டிக்குப் போகிறவனும் அவன்தான். ஓடிவந்து அக்காவிடம் சொன்னான். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்தால் உலகத்தரத்தில் படம் கிடைக்கும் என்றான். பேச்சியம்மா அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துவிட்டு, சரி, தம்பிக்கு ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனாள்.

தை மாதத்தில் இயந்திரம் வந்தது. ரயில் நிலையத்திலிருந்து கந்தோர்வரை மேளத்தோடு அழைத்து வந்தார்கள். மடிக்கணினி என்று பெயர் இருந்தாலும் அதை மடியில் வைத்துக்கொள்ள நினைப்பவன் மடியைப் பற்றிக் கவலைப்படாதவனாக இருக்க வேண்டும். அம்மிக்கல்லின் கனம் இருந்தது. மின்சாரம் கொடுக்கும் கட்டி மட்டுமே செங்கல் அளவு. திரை, பெட்டிக்கடைப் பலகை மாதிரி அகலம். பிளக்கைக் கழற்றினால் ஒரு தேத்தண்ணி ஆறும் நேரம்வரை தாக்குப்பிடிக்கும்.

இவ்வளவு பெரிய பொருளை வெறும் மரமேசைமேல் வைப்பது அவமரியாதை என்று பணிப்பாளர் கருதினார். பஜாரில் தையற்காரரிடம் சொல்லி, சிவப்பு வெல்வெட்டில் ஜரிகை வைத்த மெத்தை ஒன்று தைக்கப்பட்டிருந்தது. இயந்திரம் அதில் மாப்பிள்ளை மாதிரி அமர்ந்தது. கற்பூரம் காட்டினார்கள். பிறகு நடராசா உரையாற்றினார்.

“இந்தச் சபை இவ்வளவு காலமும் ஒரு வீடும் கட்டேல்லை எண்டு சில பேர் குறை சொல்லுகினம். எங்களிட்ட சக்தி கூடின இயந்திரம் இல்லாததுதான் அதுக்குக் காரணம். இண்டைக்கு அது வந்திட்டுது. இனிமேல் வீடு கட்டாததுக்கு நாங்கள் புதுசா ஒரு காரணம் தேட வேண்டி வரும். அந்த அளவுக்கு நாங்கள் முன்னேறியிருக்கிறம்.”

எல்லோரும் கைதட்டினார்கள். சோலைமலையும் தட்டினான்.

இயந்திரத்தின் பாதுகாப்புக்காக அதன் கடவுச்சொல் இரண்டாக வெட்டப்பட்டது. முன்பாதி பணிப்பாளரிடம், பின்பாதி கணக்காளர் யோகராணியிடம். காலையில் பணிப்பாளர் தன் பாதியை அடிக்கும்போது யோகராணி ஜன்னல் பக்கம் திரும்பிப் பஸ் நிலையத்தைப் பார்க்க வேண்டும். யோகராணி அடிக்கும்போது பணிப்பாளர் சுவர்க் கலண்டரைப் பார்க்க வேண்டும். இருவர் அடிக்கும்போதும் சோலைமலை வெளியே படியில் நிற்க வேண்டும். யாராவது ஒருவர் லீவு என்றால் அன்று இயந்திரத்துக்கும் லீவு.

இருந்தாலும் சோலைமலை அதன் முன்னால் உட்கார்ந்த முதல் நாளை அவனால் மறக்கவே முடியாது. நில அளவைக்காரர்கள் கொடுத்திருந்த கணக்குகளை உள்ளே ஏற்றியதும் மேற்பிரிவு மலை திரையில் எழுந்து நின்றது. எலி என்ற சுட்டியை அசைத்தால் மலை திரும்பியது. பின்னால் போய்ப் பார்த்தான், மேலே ஏறிப் பார்த்தான். முன்பு கூலிக்குப் போன நாளில் சறுக்கி விழுந்து ஏறிய அதே மலை, இப்போது விரலுக்கு அடங்கி நின்றது. கந்தோரே அவனைச் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தது. மலையைச் சுழற்றச் சொல்லிச் சுழற்றச் சொல்லிப் பணிப்பாளர் குழந்தைபோல் மகிழ்ந்தார். சற்று நேரத்தில் இயந்திரம் உஸ் உஸ்ஸென்று இரைந்தது. பிறகு ஒன்றும் சொல்லாமல் அணைந்துபோனது. போட்ட வேலையும் போனது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும். கை வைத்துப் பார்த்தால் மெத்தை, கொதித்த தேத்தண்ணிக் கேத்தலை வைத்து எடுத்ததுபோல் சுட்டது. ஒவ்வொரு தடவை அணையும்போதும் செயலிழப்புக் கூட்டம் ஒன்று கூடியது. இறுதியில் பணிப்பாளரே காரணத்தைக் கண்டுபிடித்தார். மலை பெரியது, இயந்திரத்தின் ஞாபகம் சிறியது. ஞாபகத்தைக் கூட்ட வேண்டும்.

பேச்சியம்மா மறுபடி வந்து கேட்டபோது சோலைமலை அதையே சொன்னான்.

“அதுக்கு ஞாபகம் பத்தலயாங்க்கா. கூட்டி வைக்கணுமாம்.”

“எனக்குந்தான் ஞாபகம் பத்தல,” என்றாள் பேச்சியம்மா. “அதுக்காக மலைக்குப் போகாமயா இருக்கேன்?”

லயத்துப் பிளவுக்குள் இப்போது கை முழங்கை வரை போகிறது என்று சொல்லிவிட்டு அவள் பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். கண்டியில் பயிற்சி பெற்றவன் என்ற பெருமை அன்றுதான் அவனுக்கு முதன்முதலாகக் கசந்தது.

ஞாபகம் கொழும்பிலிருந்து பதிவுத் தபாலில் வந்தது. சூயிங்கம் பக்கெற் அளவுதான் இருந்தது. அதை ஏற்கும் வைபவமும் குத்துவிளக்கோடு நடந்தது. பொருத்தும் கௌரவத்தைப் பணிப்பாளர் வேறொருவருக்கு விட்டுக்கொடுக்கவில்லை. அடிமூடியைத் திறந்து, தன் கையாலேயே அதைச் செருகினார். மூடிவிட்டு முடுக்கினால், திரை கறுப்பாகவே கிடந்தது. உள்ளேயிருந்து கூக் கூக்கென்று சத்தம் மட்டும் வந்தது. ஞாபகம் கூடியதால் இயந்திரம் பேச முயல்கிறது என்று பணிப்பாளர் அபிப்பிராயப்பட்டார். அடுத்த கூட்டத்தில் அது மூன்று தரம் கூவுகிறதா நான்கு தரமா என்பது பற்றி நீண்ட விவாதம் நடந்தது.

கடைசியில் இயந்திரத்தை விற்ற கம்பனியிலிருந்து ஓர் இஞ்சினியர் வந்தார். அவசரக்காரர், மத்தியானமே நானுஓயாவில் வேறு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டே வந்தார். சரியாக உட்காராமல் இருந்த ஞாபகத்தைக் கழற்றி அமுக்கி வைத்தார். திரை வெளிச்சமானது. மெத்தையைத் தூக்கி ஒரு நாற்காலியில் எறிந்தார். இயந்திரத்தை மேசைமேல் வைத்து, நாள் முழுக்க ஓடவிட்டுப் பாருங்கள் என்று சொல்லி, அறிக்கையில் ஒரே ஒரு வரி ஆங்கிலத்தில் எழுதிவிட்டுக் கிளம்பிவிட்டார். காற்றோட்டம் போதாது என்பது அந்த வரி.

அன்று முழுவதும் இயந்திரம் அணையவே இல்லை. சோலைமலை சாப்பிடவும் எழுந்திருக்காமல் வேலை செய்தான். பொழுது சாய்வதற்குள் மேற்பிரிவின் படம் முடிந்துவிட்டது. சரியக்கூடிய இடமெல்லாம் சிவப்பு, சரியாத இடம் பச்சை. லயம் நல்ல இரத்தச் சிவப்பில் இருந்தது. கோயிலடி மட்டம் பசேலென்று இருந்தது. சபையின் சரித்திரத்தில் முடிந்த முதல் படம் அது. அச்சடித்த படத்தின் மை காயுமுன் அதைத் தூக்கிக்கொண்டு பணிப்பாளரிடம் ஓடினான். போகிற போக்கில் மெத்தையைப் பற்றியும் சொன்னான். மெத்தை இல்லாவிட்டால் இயந்திரம் அணையவில்லை, அதை எடுத்துவிடலாம் என்றான்.

மெத்தையும் இயந்திரமும் சொத்துப் பதிவில் ஒரே இலக்கத்தில் இருக்கின்றன, கொழும்பு அனுமதியில்லாமல் இரண்டையும் பிரிக்க முடியாது என்று பணிப்பாளர் விளக்கினார். மெத்தை திரும்பவும் அடியில் போனது. படத்தை அவர் வெகுநேரம் உற்றுப் பார்த்தார். சோலைமலை அக்காளுக்கு எப்படிச் செய்தி அனுப்புவது என்று யோசித்துக்கொண்டிருந்தான்.

அடுத்த கூட்டத்தில்தான் பணிப்பாளர் பார்த்தது என்ன என்று தெரிந்தது.

“இஞ்சினியர் காற்றோட்டம் போதாது எண்டு எழுதியிருக்கிறார். உண்மைதான். இந்த பஜாருக்குள்ள பஸ் புகையும் கருவாட்டு மணமும்தான் வருது. மெசினுக்கு நல்ல காத்து வாற ஒரு கட்டடம் வேணும். ஆனா படம் கீறாத நிலத்தில சபை ஒரு கல்லும் வைக்கேலாது, அது எங்கட சட்டம். நாங்கள் கீறி முடிச்சது ஒரே ஒரு படம். அதில பச்சையா இருக்கிறது ஒரே ஒரு இடம். ஆகவே தெரிவு எண்ட பேச்சுக்கே இடமில்லை.”

சோலைமலை கையை உயர்த்தினான். அந்த இடத்தைத்தான் லயத்து ஆட்கள் கேட்டிருக்கிறார்கள் என்று நினைவூட்டினான். பணிப்பாளர் அவனை அன்போடு பார்த்தார். மெசின் பத்திரமாக இருந்தால் இன்னும் எத்தனையோ படங்கள் வரும், எத்தனையோ லயங்களுக்கு வீடு வரும், அவசரப்பட்டு ஒரு லயத்துக்காக எல்லா லயத்தையும் கெடுக்கக் கூடாது என்றார். கூட்டம் அந்த நியாயத்தை ஏற்றுக்கொண்டது. சோலைமலை உயர்த்திய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் சற்று நேரம் அப்படியே வைத்திருந்தான்.

மனிதர்களுக்கு வீடு என்றால் கொழும்பில் பல மேசைகளைத் தாண்ட வேண்டும். இயந்திரத்துக்கு என்றபடியால் அனுமதி உடனே வந்தது. துரைக்கும் ஆட்சேபம் இல்லை. படம் பச்சையாக இருந்ததே. கோயிலடி மட்டத்தில் கொங்கிரீட் போட்ட, வெள்ளையடித்த, நாலு அறை வீடு எழும்பியது. மூன்று பக்கமும் ஜன்னல். முன்னால் உட்கார ஓர் இஸ்தோப்புத் திண்ணை. காற்று நன்றாக வந்தது, காற்றோடு பனியும் வந்தது. பனி இயந்திரத்துக்கு ஆகாது என்பதால் ஜன்னலெல்லாம் அடைக்கப்பட்டு ஒரு மின் அடுப்பு வைக்கப்பட்டது. மணலும் சீமெந்தும் சுமந்தவர்கள் மேற்பிரிவுப் பெண்கள்தான். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போகாத நாளில் இந்த வேலை கிடைத்தது. பேச்சியம்மாவும் சுமந்தாள். தலைச்சுமையோடு தம்பியைக் கடக்கும்போது, சீமெந்து சிந்தாமல் அவனைச் சுற்றிப் போனாள்.

வீட்டுச் சாவி, பொறுப்பாளர் என்ற முறையில், சோலைமலையிடம் கொடுக்கப்பட்டது. கடவுச்சொல்லின் இரண்டு பாதிகளும் தலவாக்கலையிலேயே இருந்ததால் அவனுக்கு அங்கே இயந்திரத்தைத் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. அடுப்புச் சூட்டில், அடைத்த அறையில், மெத்தைமேல் அது மூடியபடி கிடந்தது.

மறு ஐப்பசி வந்தது. மூன்று நாள் விடாமல் பெய்த மழையின் கடைசி நாள், மத்தியானத்துக்குப் பிறகு, மேலே ஏதோ முறிகிற சத்தம் கேட்டது. சோலைமலை இஸ்தோப்புக்கு வந்து பார்த்தான். லயத்துச் சனங்கள் எல்லோரும் மூட்டை முடிச்சோடு படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் கரி படிந்த சட்டிகளைத் தலையில் கவிழ்த்திருந்தார்கள். ஒருவரும் இயந்திர வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. கோயிலின் தகரக் கொட்டகைக்குள் போய், இடம் போதாமல் பாதிப்பேர் மழையில் நின்றார்கள்.

அவன் உள்ளே போய்ப் பணிப்பாளருக்குத் தொலைபேசி எடுத்தான்.

“சேர், லயத்துக்குப் பின்பக்கம் மண்ணு எறங்கிருச்சிங்க. சனம் நனஞ்சிக்கிட்டு நிக்கிது. இங்க கூட்டிக்கிட்டு வந்து வச்சிக்கவா?”

“லயத்துக்குப் பின்பக்கமோ?” நடராசாவின் குரலில் ஓர் உற்சாகம் தெரிந்தது. “அது எங்கட படத்தில சிவப்பாத்தானே இருக்குது. அப்ப படம் சரியெண்டு நிரூபணமாயிட்டுது. இது சபைக்குப் பெரிய வெற்றி சோலைமலை. நான் இப்பவே கொழும்புக்குச் சொல்லுறன். ஆனா ஈரக்காலோட ஒருத்தரையும் மெசின் அறைக்குள்ள விடாதையும்.”

சோலைமலை தொலைபேசியை வைத்தான். ஜன்னலைத் திறந்தான், அடுத்த ஜன்னலைத் திறந்தான், கதவை அகலத் திறந்து வைத்தான். பிறகு மழைக்குள் இறங்கிக் கோயில் கொட்டகைக்கு ஓடிச் சனங்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். இயந்திரத்தை வெறும் ஜன்னல் மேடையில் தூக்கி வைத்தார்கள். அது இருந்த மேசையில் அடுப்படிச் சாமான்கள் ஏறின. மெத்தையில் கைக்குழந்தை ஒன்றைக் கிடத்தினார்கள். நாலு அறையிலும் சனம் நிறைந்தது. இருட்டுவதற்கு முன் மலை இடிந்து இறங்கி, லயத்தின் பின்பாதியை மூடிக்கொண்டு போனது. பேச்சியம்மாவின் காம்பரா இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. அவளுடைய பசு மட்டும் போயிற்று. ஆள் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. சோலைமலை இஸ்தோப்பில் உட்கார்ந்து கைகளை முழங்காலுக்குள் இடுக்கிக்கொண்டிருந்தான்.

ஒரு வாரத்தில் அவன்மேல் விசாரணை வந்தது. பொறுப்பாளரே சபையின் அனுமதியின்றிக் கதவைத் திறந்தது ஒரு குற்றம், சொத்தை மெத்தையிலிருந்து பிரித்தது இன்னொரு குற்றம். விசாரித்தவர் யோகராணி. ஏன் திறந்தனீர் என்று அவர் கேட்டார்.

“மழ பெஞ்சிச்சிங்க மிஸ்,” என்றான் சோலைமலை.

யோகராணி பேனாவைத் திறந்தார். எழுத வேண்டிய இடத்தில் இயற்கைக் காரணம் என்று எழுதிக் கோப்பை மூடினார். அந்தச் சபையில் யாரும் அவ்வளவு விரைவாக ஒரு வேலையை முடித்து அவன் பார்த்ததில்லை.

அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்து படம் எடுத்துப் போயிருந்தார்கள். கணினி முன்கூட்டியே அறிந்து காப்பாற்றிய குடும்பங்கள் என்று செய்தி வந்தது. ஆகவே சபை, நடந்ததைத் தான் செய்ததாகத் தீர்மானித்தது. வீட்டின் முன்னால் பந்தல் போட்டுக் கையளிப்பு விழா வைத்தார்கள். கொழும்பிலிருந்து சிங்கள அதிகாரிகள் வந்து முன்வரிசையில் அமர்ந்தார்கள். நடராசா பேசினார். சபை ஒருபோதும் வீடு கட்டாது என்று சொன்னவர்கள் எங்கே என்று கேட்டார். பயனாளிகள் சார்பில் நன்றி சொல்லப் பேச்சியம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்.

பேச்சியம்மா ஒலிவாங்கிக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பேசினாள்.

“இந்த வீட்ட எங்களுக்குன்னு கட்டலீங்க. நாங்கதான் மண்ணு சொமந்தோம், எங்களுக்குத் தெரியும். மழைக்கு ஒதுங்கி நொழஞ்சோம். இனி வெளிய போகச் சொன்னா போக மாட்டோம். அதச் சொல்லிட்டுப் போவத்தான் வந்தேன்.”

லயத்து ஆட்கள் பலமாகக் கைதட்டினார்கள். முன்வரிசைக்காரர்கள் என்ன சொன்னாள் என்று கேட்டார்கள். அம்மா ஆனந்தத்தில் கலங்கிப்போயிருக்கிறார், சபையை விட்டுப் பிரியவே மாட்டேன் என்கிறார் என்று நடராசா சிங்களத்தில் மொழிபெயர்த்தார். அதிகாரிகள் மிகவும் நெகிழ்ந்துபோனார்கள். இவ்வளவு சாதித்த கிளை பழைய இயந்திரத்தோடு கஷ்டப்படக் கூடாது என்று, இதைவிடச் சக்தி கூடிய ஒன்றுக்கு அந்த மேடையிலேயே அனுமதி அறிவித்தார்கள்.

விழா முடிந்து பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தபோது பேச்சியம்மா தம்பியைத் தனியாக ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

“அந்தப் புது லெப்டொப்பு எப்படா வருது?” என்று கேட்டாள். “கீழ்ப்பிரிவுலயும் செவுரு வெடிச்சிருக்காம்.”